மலைநாட்டுக் கழிவுநீரும் நுண்ணுயிர்களும்

ஊவா மாகாணத்தின் தேயிலை மலைகளில் நீருக்கு ஒரே வழிதான் உண்டு. அது பள்ளத்தை நோக்கிய வழி. மேல் மலையில் ஊறும் நீர் பீலியாக விழுந்து ஒரு லயத்தாரின் குடங்களை நிறைக்கின்றது. அவர்கள் குளித்த நீரும், பாத்திரம் கழுவிய நீரும், மலசலகூடத்துக் குழியிலிருந்து கசியும் நீரும் லயத்தோரக் கானிற் சேர்கின்றன. அக்கான் சரிவில் இறங்கி ஓர் ஓடையோடு கலக்கின்றது. பல தோட்டங்களில் அதே ஓடைதான் கீழ்ப் பிரிவிலுள்ள மற்றொரு லயத்துக்குப் பீலியாகின்றது. மேல் லயத்தார் கழித்தது கீழ் லயத்தாரின் வாசலுக்கு வந்து சேர ஒரு நாழிகைப் பொழுதும் வேண்டியதில்லை. பின்னர் ஓடைகள் கூடிப் பதுளை ஓயாவாகி, நகரத்தின் வடிகால்களையும் ஏற்றுக்கொண்டு, துன்கிந்தையில் 64 மீற்றர் உயரத்திலிருந்து வீழ்ந்து, இறுதியில் மகாவலியைச் சென்றடைகின்றன.

இந்நீரில் நோய்க் கிருமிகள் இருக்கக்கூடும் என்பதைத் தோட்ட மக்கள் நெடுங்காலமாக அறிவர். 1916ஆம் ஆண்டில் அமெரிக்க றொக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கையிற் கொளுக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியபோது, தோட்டந்தோறும் மலசலகூடம் வேண்டும் என்ற பேச்சு வலுப்பெற்றது. வாந்திபேதி, நெருப்புக் காய்ச்சல் ஆகியவற்றின் அச்சம் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கும் வழக்கத்தைப் பரப்பியது. இவ்வழக்கம் மிக நல்லது. எக்காரணம் பற்றியும் கைவிடத்தக்கதன்று. எனினும் கழிவுநீர் சுமந்துவரும் வேறொரு சுமை உண்டு. அதைக் கொதிக்கவைத்துப் போக்க முடியாது. கொதிக்கக் கொதிக்க நீர் ஆவியாகி, அச்சுமை செறிவடையவே செய்யும். அச்சுமைக்கு உரிய பெயர் கேட்போருக்கு வியப்பைத் தரும். அது போசணை, அதாவது ஊட்டப்பொருள்.

ஊட்டம் எவ்வாறு மாசாகும்? சோற்றிலும் பருப்பிலும் மரக்கறியிலும் உள்ள நைதரசனும் பொசுபரசும் உடலில் தம் வேலையை முடித்தபின் பெரும்பாலும் சிறுநீர் வழியாகவும், எஞ்சியவை மலத்தின் வழியாகவும் வெளியேறுகின்றன. நமது உணவு வழக்கமுள்ள ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 8 கிராம் நைதரசனையும் 1 கிராம் பொசுபரசையும் கழிக்கிறார் எனக் கொள்ளலாம். இருபது காம்பராக்கள் கொண்ட ஒரு லயத்தில் நூறு பேர் வாழ்வதாக வைத்துக்கொண்டு பெருக்கிப் பார்த்தால், ஆண்டொன்றுக்கு 290 கிலோகிராம் நைதரசனும் 36 கிலோகிராம் பொசுபரசும் அந்த ஒரு கானுக்குப் பொறுப்பாகின்றன. யூரியா உரத்தில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். எனவே 50 கிலோகிராம் மூடைகளாக எண்ணினால், ஏறத்தாழ பன்னிரண்டரை மூடை யூரியாவின் சத்து ஆண்டுதோறும் ஒரு லயத்தின் புறத்தே கழிந்து போகின்றது. 2021ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி தடுக்கப்பட்டு, தேயிலை வெளிறிக் கொழுந்து குறைந்த மாதங்களை நினைவில் வைத்திருப்போருக்கு இக்கணக்கின் பொருளை விளக்கவேண்டியதில்லை.

அச்சத்து தேயிலைத் தூருக்குப் போகாமல் ஓடைக்குப் போகும்போதுதான் அது மாசாகின்றது. ஓடும் நீரில் அதன் தீமை எளிதிற் புலப்படாது. தேங்கும் நீரிலே புலப்படும். தேங்கிய நீரில் வெயிலும் ஊட்டமும் கிடைத்தால் பாசி பெருகும். ஒரு கிராம் பொசுபரசைக் கொண்டு, உலர்ந்த எடையில் நூறு கிராமுக்கு மேற்பட்ட பாசி உருவாக முடியும். மேலே கணக்கிட்ட ஒரு லயத்தின் பொசுபரசு முழுவதும் ஒரு நீர்த்தேக்கத்தை அடைந்து, முழுவதும் பாசியாகவே மாறினால், அது நான்கு தொன் பாசிக்குப் போதும். அப்பாசி இறந்து அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசனை உறிஞ்சிவிடும். மீன்கள் மூச்சற்று இறக்கும். சில நீலப்பச்சைப் பாசிகள் ஈரலைத் தாக்கும் நஞ்சையும் சுரக்கும். இஃது எங்கோ நடந்த கதையன்று. அண்டை மாகாணத்திலே, தேயிலையும் மரக்கறியும் விளையும் மலைகளின் நீரை ஏந்தி நிற்கும் கொத்மலை நீர்த்தேக்கத்தில், 1991ஆம் ஆண்டில் மைக்குரோசிஸ்திஸ் என்னும் நீலப்பச்சைப் பாசி பெருந்திரளாகப் பூத்தது.

ஊவாவிலும் ஓடும் நீர் இப்பொழுது தேங்கும் நீராகியுள்ளது. 2024 ஏப்பிரலில் தொடக்கிவைக்கப்பட்ட உமா ஓயாத் திட்டத்தின்படி, வெலிமடைப் பகுதியின் புகுல்பொலையிலும் பண்டாரவளைப் பகுதியின் டயரபாவிலும் அணைகள் நீரைத் தடுத்து நிறுத்துகின்றன. அங்கிருந்து நீர் சுரங்கம் வழியே தெற்கு நோக்கிச் சென்று, மின்சாரத்தை உண்டாக்கி, வறண்ட நிலங்களுக்குப் பாய்கின்றது. அச்சுரங்கம் தோண்டப்பட்டபோது பண்டாரவளைப் பகுதியிற் கிணறுகள் வற்றிய துன்பத்தை அவ்வூரார் மறந்திலர். இனி, அணைகளுக்கு மேலுள்ள லயங்களின் கானும், வெலிமடை உருளைக்கிழங்கு வயல்களில் மிகையாக இடப்படும் உரமும், சிறு நகரங்களின் சாக்கடையும் அந்நீரிற் சேர்த்துவிடும் ஊட்டம் எவ்வளவோ, அவ்வளவும் தேங்கி நிற்கும். உருளைக்கிழங்கு வயலின் பங்கையும் தேயிலை உரத்தின் பங்கையும் விட்டுவிட்டு லயத்தின் கானை மட்டும் குற்றஞ் சொல்வது நீதியாகாது. ஆயினும் குடிக்கும் பீலிக்கு மிக அருகில் ஓடுவது அக்கானே.

குடிநீரைப் பொறுத்தவரை நைதரசனின் கடைசி உருவமாகிய நைத்திரேற்றே கவலைக்குரியது. 1945ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் கொம்லி என்ற மருத்துவர், கிணற்று நீரிற் பால்மா கரைத்து ஊட்டப்பட்ட கைக்குழந்தைகள் நீலம் பாரித்து மூச்சுத் திணறியதைக் கண்டு, அதற்குக் காரணம் நீரிலிருந்த நைத்திரேற்றே என்று எழுதினார். நைத்திரேற்று குழந்தையின் உடலில் நைத்திரைற்றாக மாறி, குருதியின் செந்நிறப்பொருள் ஒட்சிசனைச் சுமக்கவொட்டாமற் செய்கின்றது. குடிநீரில் இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்துக் கிணறுகள் பலவற்றில் இவ்வரம்பு மீறப்பட்டிருப்பது ஆய்வாளர் பலர் கண்ட உண்மை. அங்கே வெங்காயத் தோட்டத்து உரமும் மலக்குழியும் ஒரே நிலத்தடி நீரைத் தொடுகின்றன. மலைநாட்டில் மழை மிகுதி. நீர் விரைந்து ஓடுகின்றது. ஆகவே ஆபத்துக் குறைவு என்று எண்ணத் தோன்றும். ஆனால் ஊவாவில் ஆனி முதல் ஆவணி வரை கச்சான் காற்று வீசுகின்றது. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையிற் பெயர் தேடித் தரும் நறுமணம் அவ்வரண்ட காற்றிலேதான் பிறக்கின்றது. அதே மாதங்களில் ஓடைகள் நூலாக இளைத்துவிடுகின்றன. கானின் அளவோ குறைவதில்லை.

இவ்வூட்டத்தை நீரிலிருந்து பிரிக்க வல்லவர் யார்? மலக்குழியும் சிமெந்துத் தொட்டியும் இதைச் செய்வதில்லை என்பதை முதலில் உணரவேண்டும். தொட்டியிலே திண்மப் பொருள்கள் கீழே படிகின்றன. கொழுப்பு மேலே மிதக்கின்றது. இடையிலுள்ள நீர் தெளிந்ததுபோல வெளியேறுகின்றது. அந்நீரில் நைதரசன் அமோனியா உருவில் ஏறத்தாழ முழுமையாக இருக்கும். பொசுபரசிற் சிறு பங்கே அடியிற் சேற்றோடு தங்கும். வடிகட்டினாலும் போகாத, கண்ணுக்குத் தெரியாமற் கரைந்திருக்கும் இப்பொருள்களைக் குறைந்த செலவில் அகற்றும் வேலையை உலகெங்கும் நுண்ணுயிர்களே செய்கின்றன. அவற்றின் வேலையை முதன்முதலில் மனிதர் கண்டறிந்த வரலாறு சுவையானது; மலைநாட்டுக்குப் பயன்படும் நுட்பம் ஒன்றும் அதில் அடங்கியிருக்கின்றது.

1877ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் ஷ்லேசிங், மியூன்ட்ஸ் என்னும் இருவர் ஒரு மீற்றர் நீளமுள்ள கண்ணாடிக் குழாயொன்றில், நெருப்பிற் சுட்ட மணலையும் அதனோடு சிறிதளவு சுண்ணக்கற்பொடியையும் நிரப்பி, அதன் வழியே சாக்கடை நீரை மெல்ல மெல்லச் சொட்டவிட்டனர். இருபது நாட்கள் வரை உள்ளே போன அமோனியா அப்படியே வெளியே வந்தது. அதன்பின் நைத்திரேற்றுத் தோன்றத் தொடங்கியது. சில நாட்களில் அமோனியா அறவே மறைந்துபோயிற்று. வேதியியல் மாற்றம் மட்டுமே நிகழ்ந்திருந்தால் அது முதல் நாளே தொடங்கியிருக்க வேண்டும். இருபது நாட்கள் காத்திருக்கக் காரணமில்லை. ஐயத்தைத் தீர்க்க அவர்கள் குழாய்க்குள் குளோரபோம் ஆவியைச் செலுத்தினர். நைத்திரேற்று நின்றுவிட்டது. குளோரபோமை நீக்கிய பின்னும் நெடுநாள் அது திரும்பவில்லை. பின்பு தோட்டத்து மண்ணைக் கழுவிய நீரைச் சிறிது ஊற்றினர். மீண்டும் நைத்திரேற்று வந்தது. வேலை செய்தவை உயிர்களே என்பது உறுதியாயிற்று. 1890ஆம் ஆண்டில் வினோகிராட்ஸ்கி என்ற உருசிய அறிஞர் அவ்வுயிர்களைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார். ஒரு வகைப் பற்றீரியா அமோனியாவை நைத்திரைற்றாக்குகின்றது. மற்றொரு வகை அதை நைத்திரேற்றாக்குகின்றது.

இப்பற்றீரியாக்களின் இயல்புகள் மூன்றை அறிந்தவர் கழிவுநீர்த் தொழிலிற் பாதியை அறிந்தவராவார். முதலாவதாக, அவை மெதுவாகப் பெருகுவன. குடலில் வாழும் சாதாரணப் பற்றீரியா வாய்ப்பான நிலையில் இருபது நிமிடத்தில் இரட்டிக்கும். இவைக்கோ ஒரு நாளும் அதற்கு மேலும் வேண்டும். ஷ்லேசிங் இருபது நாட்கள் காத்திருந்தது இதனாலேதான். இரண்டாவதாக, அவைக்குக் காற்று வேண்டும். ஒரு கிராம் அமோனியா நைதரசனை மாற்ற நாலரைக் கிராமுக்குச் சற்று மேற்பட்ட ஒட்சிசன் செலவாகும். மூன்றாவதாக, அவை வேலை செய்யச் செய்ய நீரிற் புளிப்புத் தோன்றுகின்றது. அப்புளிப்பு மிகுந்தால் அவையே செயலற்றுவிடும். ஒரு கிராம் அமோனியா நைதரசனுக்கு ஏழு கிராம் சுண்ணக்கல்லுக்கு ஈடான காரத்தன்மை நீரிலிருந்து குறைகின்றது. பிரான்சு அறிஞர்கள் மணலோடு சுண்ணக்கற்பொடியைக் கலந்ததன் பயன் இதுவே.

இம்மூன்றாவது இயல்பு ஊவாவுக்கு மிக முக்கியமானது. சுண்ணக்கற் படுகைகள் இடையிட்ட சில இடங்களைத் தவிர, மலையோடைகளின் நீர் மென்னீர். அதிற் காரத்தன்மை குறைவு. பிறநாட்டு நூலிற் கண்டபடி கற்படுகையைக் கட்டிவிட்டு, அமோனியா ஏன் குறையவில்லை என்று வியப்பது பயனற்றது. தீர்வோ தோட்டத்துக் களஞ்சியத்திலேயே இருக்கின்றது. தேயிலை மண்ணின் மிகைப்புளிப்பைத் தணிக்கத் தூவப்படும் தொலமைற்றுத்தான் அது. உரக் கணக்கில் ஒரு சிறு பங்கைக் கழிவுநீர்ப் படுகைக்கு ஒதுக்கினாற் போதும்.

காற்றின் செய்தியிலும் மலைநாட்டுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. சமவெளி நகரங்களிற் பெரிய தொட்டிகளுக்குள் மின்சாரப் பொறிகள் இரவும் பகலும் காற்றை ஊதிக்கொண்டிருக்கின்றன. கழிவுநீர்ச் செலவிற் பெரும்பகுதி அம்மின்சாரமே. மலைச்சரிவிலே நீர் தானாக வீழ்கின்றது. லயத்துத் தொட்டியிலிருந்து வெளிவரும் நீரை, மேலே நிறைந்து சாயும் வாளியொன்றினால் தவணை தவணையாக, கைமுட்டி அளவுள்ள கற்கள் ஆளுயரம் அடுக்கிய படுகைமேற் சிதறவிட்டால், நீர் கல்லுக்குக் கல் மெல்லிய படலமாக வழியும். கற்களின் இடைவெளியிற் காற்று உலாவும். சில வாரங்களிற் கற்களின்மேல் வழுவழுப்பான ஒரு தோல் படரும். அருவருப்பூட்டும் அத்தோலே உழைப்பாளிகளின் குடியிருப்பு. அதைச் சுரண்டிக் கழுவித் துப்புரவாக்க நினைப்பவர் நல்லெண்ணத்தோடு கேடு செய்பவராவார். மலசலகூடத்தில் அளவின்றிப் பினாயிலும் வெளிற்றும் தூளும் கொட்டுவதும் அத்தகையதே. குளோரபோம் ஆவி செய்ததை அவை செய்யும். பதுளை நகரின் உயரம் ஏறத்தாழ 680 மீற்றர். பண்டாரவளை 1,200 மீற்றருக்குச் சற்று மேல். இவ்வுயரங்களிற் குளிர் உண்டெனினும், ஐரோப்பிய மாரிக்காலத்தைப் போல இவ்வுயிர்களை உறங்கவைக்கும் குளிர் இங்கில்லை.

இதுவரை நிகழ்ந்ததைக் கூர்ந்து பார்த்தால், நைதரசன் இன்னும் நீரைவிட்டுப் போகவில்லை. அமோனியாவாக இருந்தது நைத்திரேற்றாகியுள்ளது. மீனைக் கொல்லும் அமோனியா போனது நன்று. ஆனால் குழந்தைக்கு ஆகாத நைத்திரேற்று வந்திருக்கின்றது. வேலையைப் பாதியில் நிறுத்தினால் பீலிக்குப் பெரிய நன்மையில்லை. மிகுதிப் பாதியைச் செய்பவை வேறு வகைப் பற்றீரியாக்கள். அவை சாதாரணமாக ஒட்சிசனைக் கொண்டே உயிர் வாழ்வன. காற்று முற்றாகக் கிட்டாதபோது மட்டும் நைத்திரேற்றிலுள்ள ஒட்சிசனைப் பறித்துக்கொண்டு, எஞ்சிய நைதரசனை வாயுவாக வெளிவிடும். வளிமண்டலத்தில் நூற்றுக்கு 78 பங்கு இருப்பது அவ்வாயுதான். நீரை விட்டுக் குமிழியாக எழுந்து காற்றோடு கலந்தபின் அதனால் எவர்க்கும் தீங்கில்லை. வேலை அரைகுறையாயின் நைத்திரசு ஒட்சைட்டு என்னும் வேறொரு வாயு கிளம்பும். புவியை வெப்பமாக்குவதில் அது காபனீரொட்சைட்டைப் போல இருநூற்றைம்பது மடங்குக்கு மேல் வலியது. ஆகவே இவ்விரண்டாம் கட்டத்தை ஏனோதானோவென்று விட்டுவிடலாகாது.

சிக்கல் இங்கேதான். முதற் கூட்டத்துக்குக் காற்று வேண்டும். இரண்டாம் கூட்டத்துக்குக் காற்று ஆகாது. அதன்மேலும் இரண்டாம் கூட்டத்துக்கு உணவாகக் காபன் பொருளும் வேண்டும். கற்படுகையைத் தாண்டிய நீரிலோ அது தீர்ந்துபோயிருக்கும். பெரிய நிலையங்களில் நைத்திரேற்று நீரைப் பொறிகளால் முன்தொட்டிக்கே திருப்பி இறைத்து, புதிய கழிவிலுள்ள காபனை அதற்கு ஊட்டுகின்றனர். பொறியில்லாத இடங்களுக்கு வேறு வழி உண்டு. பிறநாடுகளிற் கமநிலத்து வடிகால் நீரின் நைத்திரேற்றை நீக்க, நிலத்தைத் தோண்டி மரச் சில்லுகளை நிரப்பி, அவை எப்போதும் நீரில் மூழ்கியிருக்குமாறு செய்து, நீரை அதனூடே செலுத்துகின்றனர். மரம் மெல்ல மெல்ல இற்று, ஆண்டுக்கணக்காகப் பற்றீரியாக்களுக்கு உணவளிக்கின்றது. தோட்டங்களிற் கவ்வாத்துக் காலத்து மிலாறுக்குக் குறைவில்லை. அது பெரும்பாலும் அடுப்புக்குப் போகின்றது; ஒரு பங்கைத் துண்டாக்கிக் குழியில் இட்டுச் சோதித்துப் பார்ப்பதற்குச் செலவு சொற்பமே. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடத்தார் சம்புப் புல் நட்ட படுகைகளிற் கழிவுநீரைச் செலுத்தி ஆய்ந்திருக்கின்றனர். அத்தகைய சதுப்புப் படுகையையும் இவ்விடத்தில் அமைக்கலாம்.

பொசுபரசின் கதை வேறு. அதற்கு வாயு உருவம் இல்லை. காற்றில் விட்டுத் தப்ப முடியாது. நீரிலிருந்து எடுத்தால் ஏதோ ஒன்றினுள்ளே அதை வைத்தேயாக வேண்டும். நுண்ணுயிர் தன் உடலுக்குள்ளேயே அதைத் தேவைக்கு மிஞ்சிச் சேமித்துவைக்கும் என்ற உண்மை முதலில் வெளிப்பட்ட இடங்களுள் முதன்மையானது பெங்களூர் என்பதைத் தமிழர் பலர் அறியார்.

அதற்கொரு முன்வரலாறு உண்டு. 1914ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மன்செஸ்ரர் நகரில் ஆர்டேன், லொக்கெற் என்னும் இருவர் சாக்கடை நீரைப் போத்தலில் இட்டுக் காற்றூதினர். அமோனியா முழுதும் நைத்திரேற்றாக ஐந்து வாரங்கள் சென்றன. தெளிந்த நீரை வடித்துவிட்டு, அடியிற் படிந்த சேற்றை எறியாமல் வைத்துக்கொண்டு, அதன்மேற் புதிய சாக்கடை நீரை ஊற்றி மீண்டும் ஊதினர். இவ்வாறு பலமுறை செய்யச் செய்யக் காலம் குறைந்து, ஐந்து வாரம் ஒரு நாளாயிற்று. முன்னிருந்தோர் எறிந்துவந்த சேறு உயிருள்ள சேறு என்பது தெளிந்தது. இன்று உலகின் பெருநகரங்கள் பலவற்றின் கழிவுநீர் இம்முறையிலேயே திருத்தப்படுகின்றது. அவ்விருவருக்கும் வழிகாட்டியவர் கில்பேட் பௌலர் என்னும் வேதியியலறிஞர். அவர் 1916இல் பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்துக்குப் பேராசிரியராக வந்து, கழிவுநீர் ஆய்வை அங்கே வேரூன்றச் செய்தார். அம்மரபில் வந்த பிள்ளை, சுப்பிரமணியன் ஆகியோர் 1940களில் அச்சேற்றில் வாழும் ஓருயிரணு விலங்குகளின் பங்கை ஆய்ந்தனர். 1959இல் ஸ்ரீநாத், சாஸ்திரி, பிள்ளை ஆகிய மூவர், அச்சேற்றோடு கலந்து காற்றூட்டிய சாக்கடை நீரிலிருந்து பொசுபரசு விரைவாக மறைவதைக் கண்டு அறிவித்தனர். உயிர்களின் வளர்ச்சிக்குத் தேவையானதைவிட அது மிகுதி. நஞ்சு சேர்த்தால் அது நின்றது. காற்றை நிறுத்தினாலும் நின்றது. ஆகவே அதுவும் உயிர்களின் செயலே என்று அவர்கள் கொண்டனர்.

1965இல் அமெரிக்காவில் லெவின், ஷபீரோ என்போர், காற்றற்ற நிலையில் அதே சேறு பொசுபரசைத் திரும்பக் கக்குவதைக் கண்டனர். 1970களில் தென்னாபிரிக்கப் பொறியியலாளர் ஜேம்ஸ் பார்னாட் இரண்டையும் ஒரு முறையாக இணைத்தார்: முதலிற் காற்றில்லாத தொட்டி, அதன்பின் காற்றுள்ள தொட்டி. காற்றில்லாத தொட்டியில் ஒருவகை நுண்ணுயிர்கள் தம்மிடமுள்ள பொசுபரசைச் செலவிட்டு, புளித்த கழிவிலுள்ள காடி முதலிய உணவை விரைந்து உள்வாங்கிக்கொள்கின்றன. பிற நுண்ணுயிர்கள் அங்கே அவ்வளவு விரைந்து உண்ண இயலா. காற்றுள்ள தொட்டிக்கு வந்ததும், சேமித்த உணவை எரித்துப் பெற்ற வலுவால், முன்பு விட்டதைக் காட்டிலும் மிகுதியான பொசுபரசை உறிஞ்சுகின்றன. பஞ்ச காலத்திற் களஞ்சியத்தைத் திறந்து செலவிட்டவன், விளைச்சல் கண்டதும் முன்னிலும் பெரிதாக நிரப்புவது போன்றது இது. சாதாரணச் சேற்றில் நூற்றுக்கு இரண்டு பங்களவே இருக்கும் பொசுபரசு, இம்முறையில் ஐந்து ஏழு பங்கு வரை ஏறுகின்றது. அச்சேற்றை நீக்கினால் பொசுபரசும் நீங்கிவிடும்.

இம்முறை நகரத்துக்கு உரியது. தொட்டிகளையும் பொறிகளையும் நாள்தோறும் கண்காணிக்கும் ஆட்கள் வேண்டும். ஊவாவில், மொனராகலை மாவட்டத்துக் கதிர்காமத்திலே, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை ஒரு கழிவுநீர்த் திட்டத்தை நடத்துகின்றது. ஆடித் திருவிழாவில் திரளும் கூட்டத்துக்கு அத்தகைய ஏற்பாடு இன்றியமையாதது. லயத்துக்கு அத்தகைய நிலையம் கேட்பது கைக்கெட்டாத ஆசை. லயத்தின் பொசுபரசுக்கு வேறொரு துணை காலடியிலேயே இருக்கின்றது. தேயிலை விளையும் செம்மண்ணிலுள்ள இரும்பும் அலுமினியமும் பொசுபரசை இறுகப் பற்றிக்கொள்ளும் இயல்புடையன. உரமிடும் கமத்தொழில் அலுவலர்கள் நொந்துகொள்ளும் அதே இயல்பு இங்கே நன்மையாகின்றது. படுகைகளைத் தாண்டி வரும் நீரைத் திறந்த கானில் ஓடையில் விடாமல், ஓடைக்கும் பீலிக்கும் எட்டிய ஒரு நிலத்தில், மண்ணுக்குள் ஊறவிட்டால் பொசுபரசிற் பெரும்பகுதி மண்ணிலே தங்கும். நைத்திரேற்றை மண் இவ்வாறு பற்றாது. எனவேதான் அதை முன்கூட்டியே பற்றீரியாவிடம் ஒப்படைக்கவேண்டியிருக்கின்றது. மண்ணையும் காப்பாற்றவேண்டும். பொசுபரசைப் பற்றிய மேல்மண் பெருமழையில் அரித்துச் செல்லப்படின், சேமிப்பு முழுவதும் அணையைச் சென்றடையும்.

தொட்டியின் அடிச்சேற்றைத் தேயிலைக்கோ பசும்புல்லுக்கோ இடலாமா என்று கேட்பார் உண்டு. அதிற் சத்துண்டு, சந்தேகமில்லை. ஆனால் கொளுக்கிப்புழுவின் முட்டையும் வட்டப்புழுவின் முட்டையும் அதிலுண்டு. வட்டப்புழு முட்டை மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். 1916இல் தொடங்கிய வேலையைத் தலைகீழாக்காதிருக்க, அச்சேற்றைக் காய்ந்த இலை குப்பையோடு கூட்டி, குவியலின் உள்வெப்பம் கை பொறுக்காத அளவு பல நாள் நீடிக்கும்படி மக்கவைத்த பிறகே நிலத்துக்கு இடவேண்டும். மரக்கறிப் பாத்திக்கு இடாமலிருப்பதே நன்று.

சேற்றை அள்ளுவது யார் என்பதுதான் நெடுங்கேள்வி. தொட்டிகள் கட்டப்படுகின்றன, நிறைந்தபின் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நிறைந்த தொட்டி, தொட்டியில்லாமைக்கு ஒப்பானது. சேறு நேரே படுகைக்குப் போய்க் கற்களின் இடைவெளியை அடைத்துவிடும். 1992இல் தோட்டங்களின் நிருவாகம் பிராந்தியக் கம்பனிகளுக்குக் கைமாறியது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டமோ, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை தன் நிதியைச் செலவிட இடந்தராததாக நெடுங்காலம் கொள்ளப்பட்டது. வரி கொடுக்கும் குடிகளாகவும் வாக்களிக்கும் குடிகளாகவும் இருந்தும், கான் வெட்டும் காரியத்தில் அம்மக்கள் எச்சபைக்கும் உரியராகவில்லை. 2018இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. சட்டத்தின் தடை நீங்கியது. சேறு உறிஞ்சும் வண்டி லயத்துக்குச் செல்லும் பாதையும், அதை அனுப்பும் வழக்கமும் இடத்துக்கிடம் வேறுபடுகின்றன. நகரத்தைச் சூழ்ந்த பிரிவுகளுக்கு வண்டி எளிதிற் செல்லும். மலை உச்சிப் பிரிவுகளுக்கு, சேறு குறைவாகச் சேரும்படி இரட்டை அறைத் தொட்டி கட்டி, ஓர் அறையை மூடி மக்கவிட்டு மற்றதைப் பயன்படுத்துவதே நடைமுறைக்கு ஏற்றது.

அள்ளும் காலத்தையும் தேர்ந்துகொள்ள வேண்டும். ஐப்பசி முதல் தை வரை ஊவாவிற் பெருமழை. அப்போது மண் நீரை ஏற்காது, கற்படுகையின் தோலும் மழை வெள்ளத்திற் கழன்றுபோகும். ஆனி பிறந்தால் ஓடை இளைக்கும். அப்போது படுகை முழு வலுவோடிருந்தாலன்றிப் பீலிக்குப் பாதுகாப்பில்லை. ஆகவே மாசி, பங்குனியிலே தொட்டியைத் துப்புரவாக்குவது தக்கது. அப்போதும் சேறு முழுவதையும் அள்ளாமல், விதைநெல் வைப்பதுபோல ஐந்திலொரு பங்கை அடியில் விட்டுவைத்தல் நன்று. கற்படுகை அடைத்துக்கொண்டிருந்தால், அதன் ஒரு பாதியை மட்டும் அவ்வாண்டு கழுவி, மறு பாதியை ஐந்தாறு வாரங்கள் கழித்துக் கழுவவேண்டும். அதற்குள் முதற்பாதியின் கற்களில் வழுவழுப்பு மீண்டும் படர்ந்திருக்கும்.